காலி பிஸ்டல்

வடக்குப்பட்டு துப்பாக்கிப் பயிற்சி ஷெட்டில், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாய்த் தரையில் விழுகிறது. வெளியே ஒரு கன்டெய்னர் லாரி கூவிக்கொண்டே ரிவர்ஸில் வருகிறது. பிஸ்டல் பழகுகிறவர்களின் வரிசையில், ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்த சசிகலா கடைசியாக நிற்கிறாள். போன வாரம் அவள் தும்மித் திரும்பியபோது கையிலிருந்த வெறும் பிஸ்டல் ஒரு கணம் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டது. “காலியா இருந்தா இன்னா? பேரல் எப்பவும் குறி அட்டையத்தான் பாக்கணும்” என்று மாஸ்டர் ராஜாமணி அவளை வெளியே நிறுத்தினார். நியாயம்தான் என்று அவளும் நின்றாள்.

இப்போது, ஷெட்டுக்கு ஏசி போட்டுத் தரப்போகிற ஒரு முதலாளி, வரவேற்புக்குப் போட்ட கழுத்து மாலையோடு ஒரு பிஸ்டலை எடுத்து நேராக அவள் முகத்துக்கு நீட்டுகிறார். விரல் விசைமேல் இருக்கிறது. “பயந்துட்டியாம்மா? காலிதான்.” மாஸ்டரும் சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்குகிறார். “சசி, ரெண்டு கையும் தூக்கிக்கினு நில்லு. சும்மா தமாசுக்கு, ஒரு போட்டோ.”

ஆபத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் கத்தலாம், கத்தினால் எல்லோரும் பிஸ்டலைக் கீழே வைத்தாக வேண்டும். அதுவும் மாஸ்டர் போட்ட சட்டம்தான்.

“ஸ்டாப்!”

வரிசையில் ஒவ்வொரு பிஸ்டலாக மேசைக்கு இறங்குகிறது. முதலாளியின் கை மட்டும் இறங்கவில்லை. மாஸ்டரின் செல்போனும் இறங்கவில்லை. “இன்னா சத்தம் இது? வெளியே போய் நில்லு” என்று மாஸ்டர் பல்லைக் கடிக்கிறார்.

“மொதல்ல அவரு போவட்டும் சார்” என்கிறாள் சசிகலா, தன்னைப் பார்க்கும் பேரலிலிருந்து கண்ணை எடுக்காமல்.