சாக்கில் கட்டிய கதவு

"சாக்கப் போட்டு நல்லா இறுக்கிக் கட்டு ஆசாரி. மருமவ காதுல மட்டும் வுழக்கூடாது."

தண்ணீர்க் குடத்தோடு பின்பக்கமாக வந்த மதிவதனியின் காதில்தான் அது முதலில் விழுந்தது. அவள் மாமியார் பாப்பம்மாள் ரகசியம் பேசினால் வடக்குப்பட்டில் பாதிப் பேருக்குக் கேட்கும்.

குடத்தை இறக்காமலே எட்டிப் பார்த்தாள். மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த தேக்குக் கதவை ஆசாரி நரசிம்மன் சாக்கால் சுற்றிக்கொண்டிருந்தார். அது அவள் அப்பா கொடுத்த கதவு.

கல்யாணத்தில் பீரோ வாங்கித் தர முடியாமல் போன குறை, படப்பையில் இருக்கும் அவள் அப்பா கோதண்டராமனுக்கு மூன்று வருடமாக உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருட ஆடியில், சம்பந்தி வீட்டு வாசல் நிலையைக் கரையான் அரித்துவிட்டது என்று கேள்விப்பட்டார். ஆவணி பிறந்ததும் நிலையும் கதவுமாகத் தேக்கில் செய்து அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பழைய நிலையைப் பெயர்த்துவிட்டுப் புதுசை நிறுத்துவதாகப் பேச்சு. அதைப் பார்க்க அப்பா தன் தம்பிமார்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். வந்து பார்க்கும்போது அந்தக் கரையான் நிலையே இளித்துக்கொண்டு நின்றால், மனுஷன் எந்த முகத்தோடு ஊர் திரும்புவார்?

மாமியார் கெட்டவள் என்று சொல்ல முடியாது. சின்ன வயதிலேயே வாழ்க்கைப்பட்டு வந்தவள். மருமகளோடு பஸ் ஏறினால் அக்கா தங்கச்சியா என்று கண்டக்டர் கேட்பார், பாப்பம்மாளும் வெட்கத்தோடு சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் கதவு வந்து இறங்கிய நாளிலிருந்து ஆளே மாறிப்போனாள். ஆசாரி வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் போதும், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். எங்கள் வீட்டுக் கதவு என்றால் அவ்வளவு இளக்காரமா என்று மதிவதனிக்கு வயிறு எரிந்தது. மாமனார் தாண்டவராயனோ கொஞ்ச நாளாக அவள் முகத்தையே ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சாப்பிட்ட கையோடு கழனிக்குக் கிளம்பிவிடுகிறார்.

இப்போதல்லவா விஷயம் புரிகிறது. மண்ணூரில் நாத்தனார் அம்சவல்லி வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே சுவர் எழும்பிவிட்டது, வாசலுக்கு இன்னும் கதவு வாங்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வசந்தகுமாருக்கு ஓ.டி. பார்த்த அசதி. எங்கம்மா அப்படியெல்லாம் செய்யாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான். அவனிடம் நியாயம் கேட்டதற்குச் சுவரிடம் கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை காலையில் நரசிம்மன் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மதிவதனி போய் வழியை மறித்தாள். நாளைக்கு நிலை நிறுத்த வேண்டியவர் இன்றைக்கு எங்கே கிளம்பிவிட்டார் என்று கேட்டாள். அவர் பாப்பம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பங்குனி தாண்டட்டும் என்று அம்மா சொல்லிவிட்டதாக முனகினார்.

"பங்குனிக்குள்ள எங்கப்பா குடுத்த கதவு மண்ணூர் போயி சேந்துடும், இல்ல?"

பாப்பம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா பேச்சு பேசற நீ? அது உன் வூட்டுக் கதவு. எங்கயும் போவாது."

"அப்ப இன்னாத்துக்கு சாக்குல கட்டி வச்சிக்கினு கீறீங்க?"

ஆசாரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா மேல தப்பில்லம்மா. புள்ளத்தாச்சி கீற வூட்ல நிலையப் பேக்கக்கூடாது. யாரு சொன்னாலும் நான் கை வைக்க மாட்டேன். கொழந்த பொறக்கட்டும், ஜம்முனு நிறுத்தித் தரேன்."

மதிவதனிக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருடமாக அவள் சுற்றாத கோயில் இல்லை. முந்தாநாள்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், அது மாமியாருக்கும் தெரியும். ஒரு கதவை அமுக்குவதற்கு இப்படி ஒரு பொய்யா? எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்தேதான் தொட்டிருக்கிறாள்.

அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"என் வயித்துல ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை? ஊருக்கெல்லாம் இதச் சொல்லியா எங்கப்பாவ அசிங்கப்படுத்தணும்?"

கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த தாண்டவராயன் அதை அப்படியே போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் நடையைக் கட்டினார். ஆசாரி, பைக்குள் போட்ட உளியையே கீழே தேட ஆரம்பித்தார்.

பாப்பம்மாள் கிட்டே வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ இப்படி ஏங்கிக்கொண்டிருக்கும்போது உன்னிடம் இதை எந்த வாயால் சொல்வேன் என்று குனிந்த தலை நிமிராமல் புலம்பினாள். பிறகு, வடக்குப்பட்டில் வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"புள்ளத்தாச்சி நீ இல்ல கண்ணு. நான்."