காலி மைதானத்தில் எட்டு

மெக்கானிக் காரில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஆள் நடக்கிற வேகம்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று.

பக்கத்து சீட்டில் அக்கா புருஷன், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, எட்டுப் போடுற? லைசென்ஸ் எடுக்கப் போறியா?"

சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

போன வாரம் மழை ஈரத்தில் ஒரு வளைவு. ஸ்டியரிங்கை ஒடித்தும் கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் இடித்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள்.

வண்டி ஓட்டியே பிழைத்த மனுஷன், அதற்குப்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டியில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், மறுபடி உட்கார்ந்துவிடுவார். அதற்காகத்தான் பார்க்கச் சொன்னார்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் கொஞ்சம். பின்சக்கரம் இரண்டையும் இணைக்கிற டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற தட்டுகள் அளவாக வழுக்கிக் கொடுத்தால்தான் இரண்டும் தன் தன் போக்கில் போகும். கொடுக்காமல் கவ்விக்கொண்டால் இரண்டு சக்கரமும் ஒரே நுகத்தில் பூட்டின மாடுதான். வண்டி உதறும். மூக்கைத் திருப்பாது.

இப்போது உதறவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

அவர் பெருமூச்சு விட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. என் கைதான் கெட்டுப்போச்சு. வித்துக் குடுத்துடு மாப்ள."

"இல்ல மாமா, அந்த ஆயில்..."

"சும்மா என்னைத் தேத்தாத. நீ ஊத்துன ஆயில்தானே? அதுல என்ன கோளாறு இருக்கப்போவுது?"

மெக்கானிக் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தான்.

"போதும், நிறுத்து."

நிறுத்தினால் பேச வேண்டும். அவன் இன்னொரு எட்டுப் போட்டான்.

கோளாறு பார்க்க ஒரு வட்டம் போதும். இத்தனை எட்டுப் போடுவது, அந்தத் தட்டுகளுக்கென்றே உள்ள ஆயிலைப் புதிதாக ஊற்றினால் மட்டும். அது தட்டுகளுக்கு நடுவே இறங்கினால்தான் கவ்வாமல் வழுக்கும்.

போன மாதம், ஆயில் என்றால் எல்லாம் ஆயில்தானே என்று கைக்குக் கிடைத்ததை அவன் ஊற்றியிருந்தான். இன்று காலை, மாமா வருவதற்குள், அதை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டான்.