இடப்பக்கம் இழுக்கும் கார்

உதயகலாவின் கார் மறுபடியும் இடப்பக்கம் இழுத்தது.

"காரிலை பிழையில்லை, உன்ரை கையிலைதான் பிழை. பேசாமல் பஸ்ஸிலை வேலைக்குப் போ" என்றான் கணவன் தனோஜன்.

அவள் கேட்கவில்லை. நீர்வேலிக் கராஜுக்கே ஓட்டிப் போனாள்.

கராஜ்காரர் முன் சில்லைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். "ஓட்டை ஒண்டும் இல்லைத் தங்கச்சி. இடது ரயரிலை காத்துக் குறைஞ்சதாலைதான் இழுக்குது. ஆரோ வேணுமெண்டு இறக்கிவிடீனம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் தனோஜன் கொதித்தான். "பக்கத்து வீட்டுப் பெடியளாத்தான் இருக்கும். இண்டைக்கு விடிய விடிய நான் காவல் இருக்கிறன்."

காலையில் அதே ரயர் இறங்கிக் கிடந்தது.

"ஆரும் வந்தவையோ?" என்று கேட்டாள்.

"ஈ, காகங்கூட வரேல்லை. நான் கண் மூடேல்லை. கேற்றும் பூட்டித்தான் கிடந்தது" என்றான் பெருமையாக.

உதயகலா அவனையே பார்த்தாள். தான் சொன்னதன் பொருள் அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது; முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கராஜில் வாங்கிவந்த கால்பம்பை எடுத்து, அவன் கண்முன்னாலேயே காற்றடித்து முடித்தாள். பிறகு கேற்றைத் திறந்து காரில் ஏறினாள்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் இறக்குங்கோ. நான் ஒவ்வொரு நாளும் அடிச்சுப்போட்டுப் போறன்."