கேட்டுக்கு வெளியே ஒரு தலைவர்

"இதுவரைக்கும் உலகத்துல நடந்த தொழிலாளர் போராட்டமெல்லாம் வெறும் ஒத்திகை. நிஜப் போராட்டம் இதோ, இந்த வாசல்லதான் நடக்குது!"

தலைவர் இதை மிகுந்த பொறுப்போடு சொன்னார். தார்ப்பாய்ப் பந்தலின் கீழே இருந்த கூட்டம் அமைதியாகக் கேட்டுக்கொண்டது. கூட்டம் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கியவர். பஸ் வந்ததும் அவரும் கிளம்பிவிட்டார்.

எதிரே சலவை ஆலையின் இரும்புக் கேட். ஊரிலுள்ள ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் இங்கேதான் வெளுத்து, தேய்த்து, மடித்துப் போகும். மடிக்கிற பகுதியில் இருந்த பெண் ஒருத்தி, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிற்க முடியாது என்றாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. நோட்டீஸ் கிடையாது, விசாரணை கிடையாது. அவளை மறுபடி சேர்க்கும்வரை வேலை செய்ய மாட்டோம் என்று தலைவர் வெளியே வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே பெரிய கும்பல் வந்தது. முதல் நாள் பந்தலில் கால் வைக்க இடமில்லை. இப்போது தாராளமாகப் படுத்துப் புரளலாம்.

"பாய்லர்காரன் எங்கய்யா?" என்றார் தலைவர், மிஞ்சியிருந்த இஸ்திரிக்காரரிடம்.

"உள்ள போயிட்டான்னு பேசிக்கிறாங்க."

"இந்த கேட்டைத் தாண்டியா? நான் பார்க்கலையே?"

"பின்கதவு வழியா."

"பின்கதவு வழியா போறது மனுஷன் இல்லய்யா, பூனை. பால் எங்க இருக்குன்னு தெரியும், சட்டம் தெரியாது!"

"வாஸ்தவம்தான்." இஸ்திரிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு எனக்குப் பல்லு காட்டப் போகணும் தலைவரே."

"காட்டிட்டு வந்துடுவீரில்ல?"

"நாள் பூரா ஆகும்போல. கடவாய்ப் பல்லு."

சைரன் ஊதி ஓய்ந்த சற்று நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவாள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள், பாவம் என்று தலைவரே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். முகம் வாடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"போதும்ணே. இப்படி வெயில்ல கருகாதீங்க. நீங்களும் உள்ள போயிடுங்க."

"உன்னைத் திரும்பச் சேத்துக்கிற வரைக்கும் இந்தக் காலு அந்தப் பக்கம் படாது தங்கச்சி."

"அதைத்தாண்ணே சொல்ல வந்தேன்..."

"நன்றியெல்லாம் சொல்லக் கூடாது. இது உனக்காக மட்டுமா? நேரத்துக்கு மேல நிக்கச் சொன்னா, முடியாதுன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. என்ன ஏதுன்னு விசாரிக்காம வீட்டுக்கு அனுப்ப அவங்களுக்கு உரிமை இல்ல."

"தெரியும்ணே. ஆனா..."

"உனக்குத் தெரியாதும்மா. சட்டம்னா என்னன்னா..."

சட்டம் என்றால் என்ன என்று தலைவர் ஆதியிலிருந்து தொடங்கினார். பொழுது சாய்ந்தது. அவள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் அது கொட்டாவியாகவே முடிந்தது. "பிள்ளை அழும். நாளைக்கு வரேண்ணே" என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டில் தலைவரின் மனைவி தட்டை எடுத்து வைத்தபடி கேட்டாள்: "இன்னிக்கு யாராச்சும் கேட்டாங்களா?"

"எதை?"

"நீங்க பேசினதை."

தலைவர் கையைக் கழுவினார்.

"அலுத்துப்போச்சுங்க. ஜெயிச்சீங்களா, தோத்தீங்களான்னாவது ஒருத்தர் வந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

மறுநாள் பந்தலில் அவர் ஒருவர்தான். தெருநாய் ஒன்று வந்தது, அவரை ஏற இறங்கப் பார்த்தது, வேறு நிழல் தேடிப் போய்விட்டது. "தோழர்களே!" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரோ கூப்பிட்டதுபோல அவரே திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. எதிரியின் நிலவரம் தெரியாமல் போராடுவது போராட்டத்துக்கே நல்லதில்லை. ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். சும்மா நின்று பார்த்தால் சந்தேகம் வரும். அதனால் கொஞ்சம் வேலையும் பார்க்கலாம். முன்வாசல் வழியாகப் போனால் மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். தெருவில் மக்கள் யாரும் இல்லை. இருந்தாலும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

"என்ன தலைவரே, இவ்வளவு லேட்டு?" காதைக் குடைந்தபடி வாட்ச்மேன் பின்கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஆவி முகத்தில் அறைந்தது. பாய்லர்காரன் அவரைப் பார்த்ததும் பிறந்ததிலிருந்து பார்க்காத ஒரு மீட்டரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். பல் வலிக்காரர் ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். தலைவர் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து, மடிக்கிற மேஜைக்கு வந்து நின்றார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள்.

"தங்கச்சி... நீ எப்படி இங்க?"

"நீங்க ஜெயிச்சு ரொம்ப நாளாச்சுண்ணே. கேட்டுல உக்காந்த மூணாம் நாளே பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுச் சேத்துக்கிட்டாங்க. இப்பல்லாம் சைரன் அடிச்சப்புறம் யாரையும் ஒரு நிமிஷம்கூட நிறுத்தி வைக்கறதில்ல. வெளிய தெரிஞ்சா கம்பெனி மானம் போயிடும், பின்கதவு வழியா வா, மூச்சு விடாதேன்னார் மேனேஜர். உள்ள வந்தவங்களுக்கெல்லாம் தெரியும். உங்ககிட்ட சொல்ல அவங்களுக்கு முகமில்ல." பெரிய விரிப்பு ஒன்றை எடுத்து உதறினாள். "நானாவது சொல்லிடலாம்னு தினம் சாயங்காலம் வந்து நின்னேன். நீங்க பேசி முடிச்சாத்தானே!"

தலைவர், விரிப்பு தரையில் புரளாமல் அதன் மறுமுனையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.