கப்பல் நிற்கும் இடம்

லூமுட் துறைமுகத்தில் நின்ற பழைய ஆராய்ச்சிக் கப்பலுக்குப் புவனேஸ் புதிய ஜிபிஎஸ் பொருத்தினான். மறுநாள் கப்பல் கிளம்பியாக வேண்டும். திரையிலோ அது கேமரன் மலையில், அவன் லயத்து வீட்டுக்குப் பின்னால் உள்ள தேயிலைக் காட்டில் நின்றது. வேறு கருவியை மாட்டினான். அதே இடம்தான்.

அங்கே கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த மனைவி குமுதாவைப் போனில் அழைத்தான்.

“அங்க ஏதாச்சும் தெரியுதா?”

“ஒரே பனி லா. அடுத்த செடிகூடத் தெரியல.”

“ஹாரன் அடிக்கிறேன், கேக்குதான்னு பாரு.”

அடித்தான்.

“கேட்டுச்சு.”

“போன்லயா?”

“இல்லைங்க, தலைக்கு மேல.”

அவன் திரையை மறுபடி பார்த்தான்.

“என்னங்க, மேலேருந்து கயிறு ஒண்ணு இறங்குது. பிடிக்கவா?”

புவனேஸ் எட்டிப் பார்த்தான். கப்பலின் முன்தளத்தில் சுருட்டி வைத்திருந்த கயிறு, அவிழ்ந்து அவிழ்ந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவன் பதில் சொல்வதற்குள் அது விறைத்தது.