டூப்ளிகேட் விலை

"அந்தம்மா முன்னாடி நீங்க வாயே திறக்கக் கூடாது. அசல்னா என்னைப் பார்த்து லேசா தலையை ஆட்டுங்க, போதும்" என்றார் மரக்கடைக்காரர்.

டார்ச்சுக்கு அது பிடிக்கவில்லை. பழைய கார்களைப் பார்த்து, அசலா போலியா என்று சொல்வது அவர் தொழில். கையில் டார்ச் லைட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். வாங்குகிறவர் கூட்டிப்போனால் வாங்குகிறவரிடம்தான் சொல்ல வேண்டும், அது நியாயம். ஆனால் இப்படி முன்கூட்டியே யாரும் அவர் வாயைக் கட்டியதில்லை.

மரக்கடைக்காரருக்குக் கட்டில், மேஜை விற்பது பிழைப்பு. பழைய கார் வாங்கி விற்பது பைத்தியம். வரும் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்தம்மாவேதான் போன் பண்ணினாராம். கணவர் காலமாகிவிட்டார், ஷெட்டில் அவருடைய கார் நிற்கிறது, டூப்ளிகேட்தான், எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாராம். அனுப்பிய போட்டோவைப் பார்த்ததுமே இவருக்குப் பொறி தட்டியிருக்கிறது.

"பாவம், அவங்களுக்கு விவரம் பத்தல. நமக்கு யோகம்."

வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஷெட். அந்தம்மா கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது.

உள்ளே சின்னக் கார் ஒன்று. அந்தக் காலத்தில் கம்பெனியே அந்த மாடலில் பெரிய இன்ஜினை வைத்து, பந்தயக் கார் மாதிரி சீறவைத்து, கொஞ்சம் வண்டிகள் மட்டும் விற்றது. அதற்கு இன்றைக்குத் தனி மவுசு. அதனாலேயே, காய்கறி வாங்கப் போய்வந்த சாதாரண மாடலுக்கு வேஷம் கட்டி, அசல் என்று ஏமாந்தவர் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

முகப்பு எழுத்து, சிவப்புக் கோடு, ஸ்டியரிங், சீட் எதையும் டார்ச் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதெல்லாம் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். பானெட்டைத் தூக்கினார். நம்பர் போட்ட தகட்டையும் அவர் நம்பவில்லை, தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். வண்டியின் உடம்பிலேயே குத்தியிருந்த நம்பரைத் துணியால் துடைத்துப் பார்த்தார். பெரிய இன்ஜின் மாடலுக்கு மட்டும் வரும் எழுத்து அதில் இருந்தது. சுற்றிலும் வெட்டி ஒட்டிய தழும்பு இல்லை. பழைய பெயின்ட் கலையாமல் இருந்தது.

சக்கரத்துக்கு மேலே பிதுங்கி நின்ற வளைவை விரலால் தட்டினார். ஒட்டுப்போட்ட பைபர் என்றால் டொக்கென்று கேட்கும். இது இரும்பு. கடைசியாகத் தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக். சாதாரண மாடலில் அங்கே டிரம்தான் இருக்கும்.

எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். மரக்கடைக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்ச் தலையை ஆட்டினார்.

உடனே மரக்கடைக்காரரின் முகம் வாடிப்போனது. நன்றாகவே நடித்தார். டூப்ளிகேட் வண்டிக்கு அந்தம்மா கேட்ட விலை அதிகம் என்றார், துரு பிடித்திருக்கிறது என்றார், வீட்டில் திட்டுவார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அந்தம்மா மசியவில்லை. சொன்ன விலையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். கடைசியில் பெரிய மனசு பண்ணுகிறவர் போல இவர் ஒத்துக்கொண்டு, கையோடு பணத்தையும் கொடுத்தார். வண்டியை ஏற்றிப்போக லாரிக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

டார்ச்சுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இவரைப் பகைத்துக்கொண்டால் இவருடைய கூட்டாளிகள் யாரும் இனிமேல் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் அந்த நூல் சுற்றிய கண்ணாடியைப் பார்த்தபின் நெஞ்சு கேட்கவில்லை.

"அம்மா, நான் சொல்லக் கூடாது. சொல்லாமப் போனா எனக்குச் சோறு இறங்காது. இது டூப்ளிகேட் இல்ல. அசல். நீங்க கேட்டதைவிடப் பல மடங்கு போகும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு விக்கலைன்னு சொல்லிடுங்க."

அந்தம்மா கேட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி."

டார்ச் திகைத்துப்போனார். தெரிந்துமா கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

அந்தம்மா குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருடைய கணவர் மெக்கானிக். இந்த ஷெட்தான் பட்டறை. வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, அப்படி ஒரு பெயர். இந்தக் காரும் ரிப்பேருக்கு என்றுதான் முதலில் உள்ளே வந்தது. அதைப் பற்றி அந்தம்மா வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார். கடைசிவரை அவர் காது கொடுக்கவில்லை.

"பிள்ளைங்களுக்கு அப்பான்னா உசிரு. வெளியூர்ல இருந்தாலும் அவர் படத்தைக் கும்பிடாம படுக்க மாட்டாங்க. அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது? அதான் விக்கிற மாதிரி வித்துட்டேன். நீங்களும் வெளிய சொல்லிடாதீங்க தம்பி."

"என்னம்மா நடந்துச்சு?"

வெளியே மரக்கடைக்காரர் யாரிடமோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தம்மா அவரையே பார்த்தபடி சொன்னார்.

"இது டூப்ளிகேட்னு அடிச்சுச் சொல்லி, இதே விலைக்குத்தான் எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு இவரோட அப்பாகிட்ட வாங்கினார்."