அடுத்த பஸ்ஸில் வருவாள்

"யக்கா, பஸ்ஸே காலியாயிடுச்சு. இந்தப் புள்ளையோட அம்மா எங்க?"

நடத்துநர் கலியமூர்த்தி, இருக்கைகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். கடலூரிலிருந்து வந்த பேருந்து சிதம்பரம் நிலையத்தில் நின்று ஐந்து நிமிடமாகியிருந்தது. ராஜாமணியின் மடியில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

முதுநகரில் ஏறிய இளம்பெண் ஒருத்தி நெரிசலில் நிற்க முடியாமல், "கொஞ்சம் வெச்சிருங்கக்கா" என்று குழந்தையை நீட்டியிருந்தாள். நிற்பவரின் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது அந்தத் தடத்தில் வழக்கம்தான். ராஜாமணியும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பெண்ணைக் காணவில்லை.

"புதுச்சத்திரத்துல ஒரு பொண்ணு முன்வாசல் வழியா எறங்குச்சு. திரும்பிக்கூடப் பாக்கல," என்றார் கலியமூர்த்தி. "வேணும்னே விட்டுட்டுப் போயிருக்குக்கா."

"அடுத்த பஸ்ஸுல வந்துடுவா," என்றாள் ராஜாமணி.

அருகில் நின்ற மகள் அனுப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா! பதினோரு மணிக்கு சார்லஸ் மாமா பொண்ணுக்கு சர்ச்சுல கல்யாணம். நீ யாரு புள்ளையவோ மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. போலீஸுல குடுத்துட்டுக் கெளம்பு."

"குடுத்தா அது ஹோமுக்குப் போயிடும். அவ மேல கேஸு போடுவாங்க. அப்புறம் அவ வந்து அழுதாலும் புள்ளையக் கையில தர மாட்டாங்க."

"வந்தாத்தானே அழுவா!"

"வருவா. ஆண்டவர் கொண்டாந்து சேப்பாரு."

"அவரு கொண்டாந்து சேக்கறதுக்குள்ள அங்க பிரியாணி தீந்துடும்."

கலியமூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பன்னெண்டு மணிக்கு என் வண்டி திரும்புதுக்கா. அதுவரைக்கும்தான் பாப்பேன். என் பஸ்ஸுல வந்த புள்ள, நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க. அப்புறம் போலீஸுல ஒப்படைச்சாவணும்."

கடலூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்தின் எதிரிலேயே, சிமெண்டுத் திட்டில் ராஜாமணி உட்கார்ந்துகொண்டாள். மே மாத வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"அந்த நெழல்ல போயாவது உக்காரலாம்ல?"

"எறங்குனதும் அவ கண்ணுல நான் படணும் அனு. எடம் மாறிட்டா எங்கன்னு தேடுவா?"

குழந்தை விழித்து அழுதது. தேநீர்க் கடையில் பால் வாங்கி, ஆற்றி, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஒரு பேருந்து வந்தது. அந்தப் பெண் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. அனுப்பிரியாவின் கைப்பேசி ஒலித்தது.

"தாலி கட்டியாச்சாம். போட்டோவுல நம்ம ரெண்டு பேரையும் காணோமேன்னு மாமா கத்தறாரு." கைப்பேசியைப் பைக்குள் போட்டவள் பொறுமையிழந்தாள். "பெத்த புள்ளைய அடுத்தவ மடியில போட்டுட்டு ஓடறவ ஒரு தாயாம்மா? மனசுல ஈரம் இருக்கறவ செய்யற வேலையா இது? அவளப் போயி நம்பற!"

ராஜாமணி குழந்தையின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், கண்களை மூடினாள், உதடுகள் மட்டும் அசைந்தன.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது கலியமூர்த்தி வந்தார். "குடுங்கக்கா. நான் சொன்ன நேரம் ஆயிடுச்சு."

அவர் கையை நீட்டிய அதே நேரத்தில் மூன்றாவது பேருந்து உள்ளே திரும்பியது. அது நிற்கும் முன்பே ஒரு பெண் குதித்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நாலாபுறமும் வெறித்த கண்கள் திட்டின் மீது வந்து நின்றன; ஓடி வந்தாள்.

ராஜாமணி ஒன்றும் கேட்காமல் குழந்தையை அவள் கையில் வைத்தாள். "இப்பதான் பால் குடிச்சா. தோள்ல போட்டுத் தட்டிக் குடு."

அந்தப் பெண் தரையில் சரிந்து அழுதாள். "பொட்டப் புள்ளன்னு ரெண்டு பேரையும் வெளிய தள்ளிட்டாங்கக்கா. ஒங்களப் பாத்தா நல்லவங்களாத் தெரிஞ்சுது. நீங்களாவது வளத்துடுவீங்கன்னுதான் எறங்கிட்டேன். எறங்குன அப்புறம் காலு நவுரல..."

"அப்ப வேணும்னேதான் விட்டுட்டுப் போனியா?" அனுப்பிரியா சீறினாள். "கண்டக்டர் சார், இப்பவாவது போலீஸக் கூப்புடுங்க!"

கலியமூர்த்தி கண்களைத் துடைத்துக்கொண்டு தன் பேருந்தை நோக்கி நடந்தார்.

"அனு, போயி நாலு இட்லி வாங்கியா," என்றாள் ராஜாமணி. "இவ பசியோட இருக்கா. சாப்புட்டதும் நம்ம வீட்டுக்குத்தான் வரா. மீதிய அங்க பேசிக்கலாம்."

"நல்லா இருக்கும்மா நீ பண்றது!" அனுப்பிரியா முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "அவுங்க கேக்கறது நியாயந்தானேக்கா? விட்டுட்டுப் போனவன்னு தெரிஞ்சும் எப்பிடி நான் வருவேன்னு உக்காந்திருந்தீங்க?"

மகள் காதுக்கு எட்டாத தூரம் போய்விட்டாள் என்று உறுதிசெய்துகொண்டு, ராஜாமணி குரலைத் தாழ்த்தினாள்.

"இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்ன, விருத்தாசலம் பஸ்ஸுல ஒரு கிறிஸ்தவ அம்மா மடியில புள்ளையக் குடுத்துட்டு நானும் எறங்கிட்டேன். மனசு கேக்காம ஓடியாந்தப்போ, அவுங்க வெயில்ல காத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு வார்த்த கேக்கல. ஆண்டவர் எப்பிடி இருப்பாருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் புள்ளதான் இப்ப உனக்கு இட்லி வாங்கப் போயிருக்கா."